பிறந்த வீட்டுக் காய்

ஜனவரி 3, வெள்ளி

பேரன் இந்த டைரியைக் கொடுத்தான். அட்டையில் கம்பெனிப் பெயர் தங்க எழுத்தில் மின்னுகிறது. வருஷா வருஷம் வருகிற டைரியை மருமகள் சமையல் குறிப்பு எழுத எடுத்துக்கொள்வாள். இந்த வருஷம் நானே எழுதப் போகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்கு மேல் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது. ஆனாலும் என் எழுத்தைப் பிழை சொல்ல முடியாது.

முதல் பக்கத்தில் உன் விவரம் எழுது என்று அச்சடித்திருக்கிறது. எழுதுகிறேன். பெயர் அத்தாயி. வயது எழுபத்தாறு. ஊர் திருச்செங்கோடு. எங்களுடையது போர்வெல் வண்டி ஓடுகிற குடும்பம். என் வீட்டுக்காரர் ஒரு பழைய லாரியில் மிஷினை ஏற்றித் தொழில் தொடங்கினார். எங்கே துளை போட வேண்டும் என்று நான் காட்டினேன். இன்றைக்கு முப்பத்தாறு வண்டி ராஜஸ்தான் வரைக்கும் ஓடுகிறது. மகன் போன பிறகு எல்லாவற்றையும் பேரன்தான் பார்க்கிறான். ஜவுளிக்கடை வைத்தான், காலேஜ் வாங்கினான். இனித் தண்ணீர் பாட்டில் கம்பெனி, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி என்கிறான். முப்பத்தேழு வயதில் யார் வீட்டுப் பிள்ளை இத்தனை செய்திருக்கிறது?

அவனுக்கு அவன் அப்பாரு, அவன் தாத்தன் பெயர். அது என் வீட்டுக்காரர் பெயர் என்பதால் நான் வாயால் சொல்ல மாட்டேன், எழுதவும் மாட்டேன். சாமி என்றுதான் கூப்பிடுவேன்.

தண்ணீர் பார்க்கிற விதத்தையும் எழுதிவிடுகிறேன். உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்க வைத்து, வெறுங்காலோடு நடக்க வேண்டும். அடியில் தண்ணீர் இருந்தால் காய் எழுந்து நிற்கும். நின்ற பிறகு எந்தப் பக்கம் சாய்கிறதோ, ஊற்று அந்தப் பக்கம் ஓடுகிறது என்று அர்த்தம். எனக்கு ஒன்பது வயதில் ஐயன், என்னைப் பெற்ற அப்பா, சொல்லிக் கொடுத்தது. பிறந்த வீட்டுக் காய்தான் உன் கையில் நிற்கும் என்றார். வேறு காயை நான் தொட்டதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தம்பி சென்னியப்பன் சீர் கொண்டுவந்தான். எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஒரு பொங்கல் விட்டதில்லை. முதலில் மாட்டு வண்டி, அப்புறம் சைக்கிள், இப்போது டிவிஎஸ். வயது எழுபத்தொன்று. பின்னால் கரும்பைக் கட்டிக்கொண்டு, முன்னால் மூட்டையை வைத்துக்கொண்டு வந்து இறங்கினான்.

“என்னக்கா, இன்னும் இருக்கறயா?”

“உன்ற சீரு வாங்காம எங்கடா போவேன்?”

கரும்பு, மஞ்சள் கொத்து, ஒரு வாழைத்தார், ஏழு தேங்காய். எல்லாம் அவன் காட்டில் விளைந்தவை. தேங்காய் ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் தளும்பவில்லை. அந்த அளவுக்கு நிறைந்திருக்கிறது. எல்லாம் ஐயன் வெட்டிய கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்தது.

பேரன் அவனை உட்கார வைத்துச் சொன்னான். “தாத்தா, உங்க தோப்புக்குப் பக்கத்துப் பதினோரு ஏக்கராவ நான்தான் வாங்கியிருக்கறனுங்க. தண்ணி கம்பெனி அங்கதான் வருது.”

“வரட்டும் பேராண்டி. இத்தன நாளு தொரட்டி முள்ளுதான் எனக்குப் பக்கத்துக் காட்டுக்காரன். இனிப் பேச்சுக்கு ஆளாச்சு.”

போகும்போது வழக்கம்போல ஒரு புதுச்சேலையும் பட்சணமும் கொடுத்தேன். சேலை எதற்கு என்று கேட்டான். அவன் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. எனக்கு மறந்துவிட்டது. அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

ஜனவரி 27, திங்கள்

முழங்கால் வலி. வடகம் பிழிந்தோம். ருக்மணி உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகியும் உப்பு தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

சாமி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். புது நிலத்தில் மூன்று இடத்தில் போட்டும் தண்ணீர் இல்லை, புகைதான் வந்ததாம். சேலத்திலிருந்து மிஷின் வைத்துப் பார்க்கிற இன்ஜினியர் வந்து காட்டிய இடங்கள். முப்பத்தாறு வண்டி வைத்திருப்பவன் சொந்த நிலத்தில் தண்ணீர் எடுக்கத் தெரியாமல் நிற்கிறான் என்று ஊரில் பேசுகிறார்களாம்.

என் கட்டிலில் வந்து உட்கார்ந்தான். “ஆத்தா, நீங்க ஒருக்கா வந்து பாக்கறீங்களா?”

பத்து வருஷமாக என்னை யாரும் கூப்பிடவில்லை. எல்லாம் மிஷின். நான் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் யோசிக்கிற மாதிரி இருந்துவிட்டு, “பாக்கலாம்” என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

வெறும் வயிற்றோடு போனேன். செருப்பைக் காரிலேயே விட்டேன். தம்பி கொண்டுவந்த காயில் ஒன்று கையில்.

ஆபீஸ் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்த இன்ஜினியரும் இருந்தான். சின்னப் பையன், குளிர்கண்ணாடி போட்டிருந்தான். “பாட்டி, காய் எந்திரிக்குங்களா?” என்று கேட்டுச் சிரித்தான்.

“உன்ற மிஷினு எந்திரிக்கலையே கண்ணு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சாமியும் சிரித்தான். மூன்று நாளில் அவன் சிரித்தது அப்போதுதான்.

மேற்குக் கோடியில் காய் கொஞ்சம் தலையைத் தூக்கியது. “இருக்குதுங்களா ஆத்தா?” என்றான். “இருக்குது. ஒரு குடித்தனத்துக்கு ஆகும்” என்றேன். கம்பெனிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று இன்ஜினியர் கணக்குச் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அவ்வளவுதானுங்களா?” என்றான்.

நான் நடந்தேன். கிழக்கு வேலிக்கு எட்டு அடி இந்தப் பக்கம் காய் குத்தென நின்றது. இத்தனை வருஷத்தில் காய் அப்படி நின்றதில்லை. குதிகாலால் குறி போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். இன்ஜினியர் குனிந்து என் காலைத் தொட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட்டேன். “சோறு அடுப்புல இருக்குதுக்கா” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டான்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்தேன். எல்லாம் எழுதித்தான் இருக்கிறேன். ஆழத்து ஊற்று வேறு, கிணற்று ஊற்று வேறு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி

அறுநூற்று இருபது அடியில் ஐந்து இஞ்சு தண்ணீர். பனைமர உயரத்துக்குப் பீறிட்டது. எனக்கு மாலை போட்டார்கள். பேப்பர்காரர் போட்டோ எடுத்தார். சாமி என்னைத் தூக்கிச் சுற்றப் போனான். இடுப்பு போய்விடும் என்று சத்தம் போட்டேன்.

தம்பியும் வந்தான். தண்ணீரில் கையை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தான்.

“இனிக்குது. நம்ம கெணத்துத் தண்ணியாட்டவே இருக்குது” என்றான்.

ஜூன் 5, வியாழன்

கம்பெனி திறப்பு. தண்ணீருக்கு என் பெயரையே வைத்துவிட்டான். பாட்டிலில் “அத்தாயி” என்று எழுதி, பக்கத்தில் கையில் தேங்காயோடு என் படம். மூக்குத்தி மினுங்குகிறது. படம் வரைந்தவன் பத்து வயதைக் குறைத்துவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் பாட்டிலைத் தம்பிக்குக் கொடுத்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, “ஐயன் உன்னையக் கட்டிக்குடுக்க என்ன பாடு பட்டாரு. இப்ப பஸ் ஸ்டாண்டுல கூவிக் கூவி விக்கறாங்க” என்றான். நான் முதுகில் ஒன்று வைத்தேன். மேடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கென்ன, என் தம்பி.

ஜூலை 16, புதன்

தம்பி போன் செய்தான். கிணற்று மோட்டார் அரைமணி நேரத்தில் தண்ணீர் இல்லாமல் காற்று வாங்குகிறதாம். மழை இல்லையல்லவா என்றேன். ஆமாக்கா, மழை இல்லை என்றான். பிறகு மருமகளின் சர்க்கரை எவ்வளவு என்று விசாரித்தான்.

போன வாரம் இங்கே இரண்டு மழை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. பிறந்த வீட்டுக்குப் போனேன். கம்பெனி வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு லாரியிலும் என் படம். டிரைவர் ஒருவர் அடையாளம் கண்டு கும்பிட்டார்.

தம்பி வீட்டில் கேழ்வரகுக் களியும் கீரையும் செய்திருந்தான். தனியாகச் சமைத்துப் பழகிவிட்டது. உப்பு சரியாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனோம். எட்டிப் பார்த்தேன். ஐயன் வெட்டிய கடைசிப் படி தெரிந்தது. கிணறு தோண்டிய வருஷம், தண்ணீர் ஊறி மேலே வருவதற்கு முன்னால், அந்தப் படியில் நான் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டிருக்கிறேன். அதற்கப்புறம் அறுபத்தேழு வருஷம் அதை யாரும் பார்த்ததில்லை. கறுப்பாக, வழவழவென்று, நேற்று வெட்டிய மாதிரி இருந்தது.

“பாத்தியாக்கா. ஐயன் கொத்துன உளித் தடம் கூட அழியல” என்றான்.

வெயிலில் கண் கூசிற்று. சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

சாமியிடம் சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டேன். ஓடுவதைக் கொஞ்சம் குறைத்தால் என்ன, வாரத்தில் இரண்டு நாள் நிறுத்தினால் என்ன என்றேன்.

“எதுக்குங்க ஆத்தா?”

“தாத்தன் கெணறு வத்திப்போச்சு.”

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான். “அய்யோ, எங்கிட்டச் சொல்ல வேண்டாமுங்களா? அது வேற ஊத்துங்க ஆத்தா. இருந்தாலும் நாளைக்கே வண்டி அனுப்பறேன். ஆயிரம் அடி ஆனாலும் போட்டுக் குடுத்தர்றேன்.”

கெட்ட பிள்ளை இல்லை. கேட்டால் கொடுக்கிறவன். நான் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வண்டி தம்பி தோப்பில் போய் நிற்கிறது. தம்பி போன் செய்தான். “அக்கா, வண்டிக்காரங்க எங்க போடறதுன்னு கேக்கறாங்க. நீ வந்து பாத்தீன்னா போடறேன். மிஷின வெச்செல்லாம் எனக்கு வேண்டாம்.”

முழங்கால் வலி, நடக்க முடியவில்லை என்றேன்.

“கார்ல வந்து ஒரு எட்டு...”

“முடியலடா.”

அந்தப் பக்கம் காக்காய் கத்துவது கேட்டது. “செரிக்கா, ஒடம்பப் பாத்துக்கோ” என்று வைத்துவிட்டான்.

சாயங்காலம் ருக்மணியோடு கோயிலுக்கு நடந்து போய்விட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

தோப்பில் இரண்டு இடத்தில் எண்ணூறு அடி. புகை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பேரன் தம்பிக்குத் தினம் ஒரு டேங்கர் தண்ணீர் அனுப்புகிறான். மாட்டுக்கும் சமையலுக்கும் ஆகிறது. நூற்றிருபது தென்னைக்கு எந்த டேங்கர் ஆகும்? டேங்கரிலும் என் படம் ஒட்டியிருக்கிறதாம்.

நவம்பர் 11, செவ்வாய்

டிரைவரிடம் தம்பி இரண்டு தேங்காய் கொடுத்து அனுப்பியிருக்கிறான். மாதுளங்காய் அளவுதான். ஆட்டினால் உள்ளே கடகடவென்று ஓசை. உடைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பருப்பு ஓட்டோடு ஒட்டிச் சுருங்கிக் கிடந்தது.

இதை ஏன் கொடுத்து அனுப்பினான் என்று யோசித்தேன். ஒன்றும் குத்திக் காட்டுகிறவன் இல்லை. இருப்பதைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான்.

டிசம்பர் 9, செவ்வாய்

தோப்பில் மரம் அறுக்கிறார்கள் என்று ருக்மணிதான் சொன்னாள். அவள் அண்ணன் மரம் அறுக்கிற கூலிக்குப் போயிருக்கிறான். கொண்டை சாய்ந்த மரம் போக மீதியும் விழுந்துவிடும் என்று தம்பி எல்லாவற்றையும் அறுக்கச் சொல்லிவிட்டானாம். “உங்க தம்பி ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, அப்பறந்தான் அறுங்கன்னாருங்களாமா” என்றாள்.

வெங்காயம் உரித்தோம்.

ஜனவரி 15, வியாழன்

புது வருஷத்துக்குப் புது டைரி வந்திருக்கிறது. ஆனால் பழையதிலேயே கடைசியில் வெற்றுத் தாள் இருக்கிறது. இது இதில்தான் இருக்க வேண்டும்.

பொங்கல். பத்து மணி ஆகியும் தம்பியைக் காணவில்லை. வர மாட்டான் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். பதினொன்றரைக்கு டிவிஎஸ் சத்தம் கேட்டது.

கரும்பு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம், ஐந்து தேங்காய். ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தான். மட்டையை முழுசாக உரித்து, ஒரே அளவாகப் பொறுக்கியெடுத்த காய்கள்.

“கடக் காயிதான்க்கா. கோவிச்சுக்காத” என்றான்.

நான் காபி கலக்க எழுந்தேன். உட்காரச் சொன்னான். தோப்பைப் பேரனுக்கே எழுதிக் கொடுத்துவிட்டானாம். லாரி நிறுத்த இடம் பத்தவில்லை என்று கேட்டார்களாம். நல்ல விலைதான் கொடுத்தார்கள் என்றான். தை முடிவதற்குள் திருப்பூருக்கு மகனிடம் போகிறான். மூன்றாவது மாடியில் வீடு. மாட்டை விற்றாகிவிட்டது.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையேடா.”

“என்னத்தக் கேக்கறது?”

சமையலறையில் மருமகள் பொங்கலோ பொங்கல் என்று கூவினாள். பேரனின் மகளும் சேர்ந்து கூவினாள்.

பிறகு நான் சொன்னேன். “அன்னைக்கு வேலியோரம் காய் நின்னப்ப...”

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும்?”

“நானுந்தான் ஐயன் கூட நடந்திருக்கறேன். எனக்குக் கையி வரல, கண்ணு தெரியாதா? காயி நின்னுது. நின்னு, நம்ம கெணத்துப் பக்கம் சாஞ்சுது. நீ வெரல மடக்கி நிமுத்திப்புட்டே.”

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “தெரிஞ்சும் ஏண்டா ஒண்ணும் சொல்லல?”

“பத்துப் பேரு பாக்கறாங்க. பேரன் பாக்கறான். எங்கக்கா காட்டுன எடம் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?” சிரித்தான். “அதுவுமில்லாம தப்பும் இல்லயே. அஞ்சு இஞ்சு வந்துதல்ல?”

புதுவேட்டி கொடுத்தேன். இந்தத் தடவை சேலை எடுத்து வைக்கவில்லை. அடுத்த பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வருவதாகச் சொன்னான். வண்டியை உதைத்துக் கிளப்பினான். கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில் கிளப்பினான்.

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி எழுதியதில் நான் விட்டது இதுதான். காய் நின்ற பிறகு சாய்ந்தது. கிழக்கே சாய்ந்தது. ஐயன் என் ஒன்பது வயதுக் கையில் வைத்துக் காட்டிய அதே ஊற்று என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். மேற்குக் கோடியில் காட்டிவிட்டு வந்திருக்கலாம். இன்ஜினியர் கண்ணாடியைத் துடைத்தான். நான் நடந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

சங்ககிரிக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு நிலம் வாங்கியிருக்கிறான். அதற்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். போன வருஷத்து ராசி என்று என்னைத்தான் கூப்பிட்டான். பிறந்த வீட்டுக் காய் ஏது என்றேன். சந்தையில் ஒரு மூட்டை வாங்கி வந்திருந்தான். “இதுல எதுனாலும் எடுங்க ஆத்தா.”

கடைக் காய் என் கையில் நிற்காது. இனிமேல் இந்த வேலை இல்லை என்கிற நிம்மதியோடுதான் போனேன்.

அதே இன்ஜினியர். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினான். போட்டோகிராபரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நிலத்தின் தெற்குப் பக்கம் ஒரு மஞ்சள் காடு. பாதி வெட்டியாகிவிட்டது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் தொட்டியில் எருமையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “அய்யோ, பாட்டல்ல இருக்கற பாட்டிங்களா?” என்றாள். “எங்க ஊட்டுத் தண்ணி ஒரு டம்ளரு குடிங்க. உங்குளுதாட்ட சுத்தமா இருக்காதுங்க” என்று சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். இனித்தது.

நடந்தேன். தெற்கு எல்லையில், அந்த மஞ்சள் காட்டுக்கு நாலு அடி இந்தப் பக்கம், காய் எழுந்து நின்றது. சந்தையில் வாங்கிய காய். யார் தோப்பில் விளைந்ததோ. நிற்க இத்தனை நாள் காத்திருந்த மாதிரி நின்றது. பிறகு மெதுவாக அந்தப் பெண்ணின் கிணற்றுப் பக்கம் சாய்ந்தது.

எந்தக் காயும் நிற்கும் போலிருக்கிறது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

காயை இன்னொரு கையால் மூடி முந்தானையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் இருபதடி பின்னால் வந்துகொண்டிருந்தார்கள்.

“நின்னுதுங்களா ஆத்தா?”

“நிக்கல சாமி.”

“இன்னொரு காயி எடுத்துப் பாக்கலாமுங்களா?”

“எந்தக் காயும் நிக்காது. கையி போயிருச்சு.”

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். இன்ஜினியர் தன் செல்போனைப் பார்த்தான். சாமி என் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தான். சின்னப் பிள்ளையில் நான் அவன் கையைத் தடவுகிற மாதிரியே. “பரவால்லைங்க ஆத்தா. வயசாயிருச்சல்லங்க. நாளைக்கு மிஷின வெச்சுப் பாத்துக்கறோம்” என்றான்.

காரில் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்காக மெதுவாக ஓட்டச் சொன்னான். மிஷின் அந்த இடத்தைக் கண்டுபிடிக்குமா, பிடிக்காதா என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்க மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ருக்மணி என் முந்தானையிலிருந்த காயை வாங்கிச் சட்னிக்கு உடைத்தாள். நல்ல காய். தண்ணீர் ஒரு டம்ளருக்கு மேலே இருந்தது.